சூடே ஏறாத கொரோல்லா

கேள்வி: உட்லண்ட்ஸ்காரர், 2 மார்ச் 2024

படிக்கிற பிள்ளைகள் பழைய காரை நோண்டுவது ஒரு பொழுதுபோக்கு என்று இங்கே சிலர் பெருமையாக எழுதுகிறார்கள். மலேசியாவின் ஜோகூரில் என்றால் சரி, ஊரில் என்றால் சரி. சிங்கப்பூரில் சிஓஇ (கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கிற பத்து வருட உரிமம்) விற்கிற விலைக்கு இது பணக்கார வீட்டு விளையாட்டு, அப்பன் காசில் ஆடுகிற ஆட்டம். இல்லை என்று சொல்ல யாராவது இருக்கிறீர்களா?

2 மார்ச், இரவு 11.20

இருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. படிப்பது கணக்கியல், எஞ்சினுக்கும் என் பாடத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வண்டி 1999 டொயோட்டா கொரோல்லா, ஏஇ111, 1.6 லிட்டர், மேனுவல் கியர். என்னைவிட ஐந்து வயது மூத்தது. நான் வாங்கியதில்லை, அப்பாவுடையது. ஆகவே ‘அப்பன் காசு’ என்றது ஒரு வகையில் உண்மைதான், அதை மறுக்கவில்லை.

ஆனால் ‘பணக்கார’ என்றதற்குக் கணக்குச் சொல்கிறேன். 2009-ல் பத்து வருடம் முடிந்தபோது அப்பா சிஓஇயை இன்னொரு பத்து வருடத்துக்குப் புதுப்பித்தார். அப்போது விலை தரையில் கிடந்தது. 2008 கடைசியில் ஏ பிரிவு (சின்னக் கார்களுக்கானது) 2 வெள்ளிக்கே (சிங்கப்பூர் டாலர்) போனது, நம்ப முடியாதவர்கள் பழைய செய்தியைத் தேடிப் பாருங்கள். 2019-ல் மறுபடி புதுப்பித்தபோது முப்பதாயிரத்தைத் தொடவில்லை. அதைப் பத்தால் வகுத்தால் வருடத்துக்கு மூவாயிரம் கூட இல்லை. 2023 அக்டோபரில் அதே ஏ பிரிவு 106,000 வெள்ளி. அப்பா புத்திசாலி இல்லை, அதிர்ஷ்டசாலி.

சாலை வரி: 1,587 சிசிக்கு வருடம் ஏறக்குறைய 735 வெள்ளி. பதினான்கு வயது தாண்டியதால் மேலே 50 சதவீதம், ஆக 1,100 சொச்சம். கார் பார்க் மாதம் 110. பெட்ரோல் நான் போடுகிறேன், டியூஷன் எடுத்து வருகிற காசில்.

3 மார்ச், காலை

நேற்று விட்டுப்போனது. சிஓஇயைப் புதுப்பித்தால் பத்தாம் வருடம் வண்டியை ஒப்படைத்தால் கிடைக்கிற பார்ஃப் தள்ளுபடி போய்விடும். அதையும் செலவில் சேர்க்க வேண்டும். கணக்கியல் மாணவி இதை மறந்தது வெட்கம்.

3 மார்ச், மாலை

‘நோண்டுவது’ என்றால் என்ன செய்கிறாய் என்று கேட்டிருக்கிறீர்கள். இதுவரை செய்தவை: எண்ணெய் மாற்றினேன், ஸ்பார்க் பிளக் மாற்றினேன், பின் பக்க ஜன்னல் இறங்காமல் இருந்தது, சரி செய்தேன். கதவு உள்ளட்டையைக் கழற்றி மாட்டியபோது மூன்று கிளிப் மிஞ்சியது. கதவு இன்னும் ஆடுகிறது. பெரிதாக ஒன்றுமில்லை.

இப்போது ஒரு நிஜமான பிரச்சினை. வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது, லிட்டருக்கு 8 கிலோமீட்டர் தாண்டவில்லை. பின்னால் நின்றால் கண் எரிகிறது. பிளக்கைக் கழற்றினால் நுனி அடுப்புக்கரி மாதிரி. ஜூனில் வருடாந்திரப் பரிசோதனை இருக்கிறது, பத்து வயது தாண்டிய வண்டிக்கு வருடாவருடம் உண்டு. புகையில் விழும் என்று தெரிகிறது.

17 மார்ச்

ஆக்ஸிஜன் சென்சார் மாற்றிவிட்டேன். 180 வெள்ளி. எக்ஸாஸ்டில் இருக்கிற இந்தச் சென்சார் கெட்டால் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக ஊற்றும் என்று நாலு வீடியோவில் பார்த்தேன். நாலு பேர் சொன்னால் உண்மைதானே.

23 மார்ச்

இல்லை. அதே நாற்றம், அதே கரி. 180 வெள்ளி என்பது எனக்கு ஆறு டியூஷன் வகுப்பு. உயர்நிலை ஒன்றில் இருக்கிற ஒரு பையனுக்கு அல்ஜீப்ரா ஆறு முறை.

23 மார்ச், இரவு

கொஞ்சம் கோபம் ஆறியபின் எழுதுகிறேன். நான் செய்த தப்பு சென்சார் வாங்கியது அல்ல. வாங்கும் முன் வண்டியைக் கேட்கவில்லை. இந்தக் காலத்து டொயோட்டாவில் அதற்கு வழி இருக்கிறது, கருவி கூட வேண்டாம். பானட்டைத் திறந்தால் ‘டயக்னோசிஸ்’ என்று எழுதிய சின்னக் கறுப்புப் பெட்டி. மூடியைத் தூக்கினால் உள்ளே துளைகள், மூடியின் அடியில் பெயர்கள். டிஇ1, இ1 என்ற இரண்டு துளைக்கும் நடுவே ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்துச் செருகிவிட்டு, சாவியைத் திருப்பினால் (எஞ்சினைக் கிளப்பக் கூடாது) டாஷ்போர்டில் எஞ்சின் விளக்கு சிமிட்ட ஆரம்பிக்கும். இரண்டு சிமிட்டல், இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 22, தண்ணீர் வெப்பச் சென்சார். 21 என்றால் ஆக்ஸிஜன் சென்சார். நிறுத்தாமல் ஒரே சீராகச் சிமிட்டினால் குறை ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

என் வண்டி ஒரே சீராகச் சிமிட்டியது. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்கிறது. கண்ணைக் கரிக்கும் புகையை விட்டுக்கொண்டே சொல்கிறது.

24 மார்ச்

உட்லண்ட்ஸ்காரர் ‘பட்டறைக்குக் கொண்டு போனால் ஒரு மணி நேரத்தில் முடியும்’ என்கிறார். முடியலாம். போன வருடம் ஒரு பட்டறையில் இதே புகாருக்குப் பிளக், ஃபில்டர், இன்ஜெக்டர் சுத்தம் என்று 420 வெள்ளி வாங்கினார்கள். ஒரு வாரம் நன்றாக இருந்தது, அல்லது இருந்ததாக அப்பா நம்பினார். பெயர் சொல்ல மாட்டேன். நானும் அதையேதானே செய்தேன், மலிவாக.

29 மார்ச், புனித வெள்ளி

வீட்டில் எல்லாரும் இருந்த நாள் பார்த்து அடுப்படியைப் பிடித்தேன்.

தண்ணீர் வெப்பச் சென்சாரைச் சோதிக்கலாம் என்று எண்ணம். எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அது பொய் சொன்னால், கம்ப்யூட்டர் காலையில் கிளப்பும்போது ஊற்றுகிற மாதிரி பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். சென்சார் ஒரு பித்தளைக் குமிழ், கட்டை விரல் நகம் அளவு. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். டொயோட்டா கையேட்டின் கணக்கு: 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் 200 முதல் 400 ஓம்.

அம்மாவின் பால் சட்டி, முஸ்தபாவில் வாங்கிய சமையல் தெர்மாமீட்டர், மல்டிமீட்டர். சென்சாரை ஒயரோடு சட்டியில் தொங்கவிட்டு மெதுவாகச் சூடேற்றினேன். பத்து டிகிரிக்கு ஒரு தடவை எழுதினேன். குளிர்ந்த தண்ணீரில் 2,100 ஓம். அறுபதில் 590. எண்பதில் 310. கொதிக்கும்போது 190. வரைபடமாகப் போட்டால் சறுக்குமரம் மாதிரி வழுவழு என்று இறங்குகிறது. கோளாறு இல்லாத சென்சார்.

அம்மா: “அது எந்தச் சட்டின்னு தெரிஞ்சுதான் எடுத்தியா?”

தெரியும் என்று சொன்னது இரண்டாவது தப்பு.

30 மார்ச்

‘சோதனை வீண்தானே’ என்று ஒருவர் சிரித்திருக்கிறார். நேற்று நானும் அப்படித்தான் நினைத்தேன். படுத்தபிறகுதான் தோன்றியது: சென்சார் நல்லது என்றால், எந்த ஓமுக்கு எத்தனை டிகிரி என்று எழுதிய தாளும் என்னிடம் இருக்கிறது. சென்சாரைத் திரும்ப எஞ்சினில் மாட்டி, வண்டியை ஓட்டிவிட்டு மீட்டரை வைத்தால் எஞ்சினுக்குள் இருக்கிற தண்ணீர் நிஜமாக எத்தனை டிகிரி என்று அதுவே சொல்லிவிடும்.

31 மார்ச், ஞாயிறு

பிஐஇ விரைவுச்சாலையில் தீவின் மேற்குக் கோடியான துவாஸ் பக்கம் வரை போய்த் திரும்பினேன். நாற்பது நிமிடம். பானட்டைத் திறந்து சென்சார் பிளக்கைப் பிடுங்கி மீட்டரை வைத்தேன்.

600 ஓம்.

அதாவது 60 டிகிரி. நாற்பது நிமிட விரைவுச்சாலை ஓட்டத்துக்குப் பிறகு, சிங்கப்பூர் மத்தியான வெயிலில், எஞ்சின் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. இருக்க வேண்டியது எண்பதுக்கு மேல்.

சென்சாரும் பொய் சொல்லவில்லை, கம்ப்யூட்டரும் பொய் சொல்லவில்லை. எஞ்சின் சூடாகவில்லை என்று ஒன்று சொன்னது, சூடாகாத எஞ்சினுக்கு மற்றது கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றியது. அதனால்தான் குறை எதுவும் சிமிட்டவில்லை. பெட்ரோல் அதிகம், காற்று போதாது, பாதி எரிந்து கார்பன் மோனாக்சைடாக வெளியே போகிறது. கண் எரிவது எரியாமல் தப்பிய பெட்ரோலால்.

31 மார்ச், இன்னும் கொஞ்சம்

டாஷ்போர்டு முள்ளைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன், பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். கீழ்க்கோட்டுக்கு ஒரு விரல் மேலே பெரும்பாலும் நிற்கும். ‘முள் ஏறவே ஏறாது, அவ்வளவு நல்ல வண்டி’ என்று அப்பா வருகிற விருந்தாளிகளிடம் எல்லாம் சொல்வார். வீட்டுப் பெருமையாக இருந்ததை நோயின் அறிகுறி என்று எப்படிச் சந்தேகப்படுவது?

7 ஏப்ரல்

இடத்தைப் பற்றி. பணத்தைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தேன், இதை முன்பே எழுதியிருக்க வேண்டும்.

வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) கார் பார்க்கில் வண்டியைப் பிரித்து மேயக் கூடாது. தெரியும். பல அடுக்குக் கார் பார்க்கின் மேல் தளத்தில் ஞாயிறு காலை ஏழு மணிக்கு யாரும் வருவதில்லை என்பதும் தெரியும். பிளக் மாற்றியது, பெட்டியில் கிளிப் செருகியது எல்லாம் அங்கேதான். ஆனால் கூலிங் சிஸ்டத்தைத் திறந்தால் நாலைந்து லிட்டர் தண்ணீர் இறங்கும். அதை எங்கே விடுவது? சாக்கடையில் ஊற்றினால் அது நேராக நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. இந்தத் தீவின் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. நான் ஊற்றியதை நானே காப்பி போட்டுக் குடிப்பேன்.

சித்தப்பாவுக்குத் தெரிந்த ஒரு சீன அங்கிள் காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கிறார். ஞாயிறு மத்தியானம் அரைக்கதவு திறந்து வைத்துக் கணக்குப் பார்ப்பார். ஒரு மூலையைத் தருகிறேன் என்றார். வாடகை இல்லை. நிபந்தனை இரண்டு: லிஃப்டைத் தொடக் கூடாது, போகும்போது தரையைத் துடைத்துவிட்டுப் போக வேண்டும். முதல் நாள் ‘பாய்ஃபிரண்ட் வண்டியா’ என்று கேட்டார். அப்பா வண்டி என்றதும், ‘அது இன்னும் மோசம், கெடுத்தால் மாற்ற முடியாது’ என்றார்.

உட்லண்ட்ஸ்காரருக்கு என் பதில் இப்போது மாறிவிட்டது. எனக்குத் தடையாக இருப்பது சிஓஇ அல்ல. இந்த ஊரில் ஒரு மாணவிக்குக் கிடைக்காதது பத்துக்கு இருபது அடி சிமெண்டுத் தரை. அது கிடைத்தவர்கள்தான் பழைய கார் வைத்திருக்கிறார்கள்.

7 ஏப்ரல், இரவு

மேலே எழுதியதைப் படித்தேன். ‘எனக்குத் தடையாக இருப்பது சிஓஇ அல்ல’ என்பது அப்பா கட்டிவிட்டதால் வருகிற வீரவசனம். திருத்திக்கொள்கிறேன்: சிஓஇ முதல் தடை, அதைத் தாண்டியவனுக்குத் தரை இரண்டாவது தடை.

14 ஏப்ரல், புத்தாண்டு

வடை பாயசம் முடிந்து நேராகக் காக்கி புக்கிட்.

அங்கிள் என்னைச் சாவியைத் திருப்பச் சொன்னார், கிளப்ப வேண்டாம் என்றார். காதைக் காட்டினார். ரேடியேட்டர் விசிறி சுற்றுகிறது. இரவெல்லாம் நின்ற வண்டி, சில்லென்ற எஞ்சின், விசிறி ஏன் சுற்ற வேண்டும்? ரிலேயை (விசிறியைத் தேவைப்படும்போது மட்டும் இயக்குகிற மின் சுவிட்ச்) தாண்டி யாரோ நேராக ஒயர் இழுத்திருக்கிறார்கள். சாவி போட்டால் விசிறி, சாவி எடுக்கும்வரை விசிறி.

பிறகு ரேடியேட்டரின் கீழ்க்குழாய் எஞ்சினில் சேருகிற இடத்து மூடியைக் கழற்றினோம். நட்டுகளை நான் கழற்றினேன், அங்கிள் டார்ச் பிடித்தார். மூடி வந்தது. வெளியே வந்த தண்ணீர் தே தாரிக் (பால் தேநீர்) நிறம். உள்ளே தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டர் வழியை அடைத்து வைக்கிற வால்வு) உட்காரும் பள்ளம். பள்ளம் மட்டும்.

தெர்மோஸ்டாட் இல்லை. கெட்டுப்போனதும் இல்லை, உடைந்ததும் இல்லை. எடுத்துவிட்டு வெறும் கேஸ்கட்டைப் போட்டு மூடியிருக்கிறார்கள்.

அங்கிள் சிரித்தார். அந்தக் காலத்தில் பாதிப் பட்டறை இதைத்தான் செய்யும் என்றார். “சிங்கப்பூர் பானாஸ்லா, தெர்மோஸ்டாட் எதுக்கு?” (பானாஸ் என்றால் மலாயில் சூடு.) குளிர் நாட்டுக்குத்தான் அது தேவை, இங்கே எஞ்சின் சூடாகாமல் இருந்தால் நல்லதுதானே என்ற நியாயம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய வண்டிகளுக்குச் சரியோ என்னவோ, 1999 டொயோட்டாவின் கம்ப்யூட்டருக்கு அந்த நியாயம் தெரியாது.

14 ஏப்ரல், பின்குறிப்பு

எந்தப் படுபாவி இதைச் செய்தானோ. ஒரு சின்ன வேலைக்காக எத்தனை வருடப் பெட்ரோல். அந்தப் பட்டறைக்காரனை நேரில் பார்த்தால் ஆறு அல்ஜீப்ரா வகுப்புக்கு உட்கார வைப்பேன்.

20 ஏப்ரல்

ஒரு திருத்தம், முக்கியமானது. தெர்மோஸ்டாட்டை எடுத்தால் எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும், அவ்வளவுதான் என்ற தொனியில் எழுதிவிட்டேன். இந்த எஞ்சினுக்கு அது பாதி உண்மை.

புதிதாக வாங்கிய தெர்மோஸ்டாட்டைக் கையில் வைத்துப் பார்த்தால் புரியும். மேலே ஒரு வால்வு, அது ரேடியேட்டர் வழியைத் திறப்பது. அடியில் ஸ்பிரிங்கோடு ஒரு சின்னத் தட்டு. மேல் வால்வு திறக்கத் திறக்க, இந்தத் தட்டு கீழே இறங்கி பைபாஸ் வழியை அடைக்கும். அதாவது சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கே திரும்பி எஞ்சினுக்கே வருகிற சந்தை மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லை என்றால் அந்தச் சந்து எப்போதும் திறந்தே கிடக்கும். சும்மா ஓடும்போது எஞ்சின் குளிர்ச்சி. ஆனால் மேடு, பாரம், நெரிசல் என்று வந்தால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலேயே சுற்றும். சூடேறாமல் இருக்கச் செய்த வேலை, தேவையான நேரத்தில் சூடேற்றிவிடும்.

ஜோகூர் பாலத்து நெரிசலில் மட்டும் இந்த வண்டியின் முள் ஏன் திடீரென்று எழும்பும் என்று சின்ன வயதிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். ஏசியை அணைத்துவிட்டு எல்லாரும் வியர்வையில் உட்கார்ந்திருப்போம். அப்பா நாலு ஜன்னலையும் இறக்குவார். மூன்று இறங்கும்.

21 ஏப்ரல்

பால் சட்டி, இரண்டாம் முறை. (இந்தத் தடவை சட்டி என் காசில் வாங்கியது, 9 வெள்ளி. பழையதை அம்மா இனி பாலுக்கு எடுக்க மாட்டேன் என்று எனக்கே தந்துவிட்டார், ஆக இரண்டு சட்டி.) தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, சட்டியின் அடியைத் தொடாமல். 82 என்று அதன் மேல் பொறித்திருக்கிறது. எண்பது வரை ஒன்றுமில்லை. 83-ல் வால்வின் விளிம்பில் ஒரு மயிரிழை. 90-ல் நன்றாக வாய் திறந்தது. அடுப்பை அணைத்ததும் மெல்ல மூடியது. உள்ளே மெழுகு இருக்கிறது, அது உருகி விரிந்து கம்பியைத் தள்ளுகிறது. மின்சாரமும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது.

அப்பாவும் வந்து பார்த்தார். பேசாமல் நின்றார். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

22 ஏப்ரல், இரவு

இரவுச் சாப்பாடு. ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே அப்பா சொன்னது, அப்படியே: “அதை நான்தான்மா எடுக்கச் சொன்னேன்.”

2006. எனக்கு இரண்டு வயது. பத்துமலைக்குக் குடும்பத்தோடு போகும்போது யோங் பெங் பக்கம் வண்டி கொதித்துவிட்டது. நெடுஞ்சாலை ஓரத்தில் மூன்று மணி நேரம், வெயில், கைக்குழந்தை, பாட்டி வேறு. திரும்பி வந்ததும் பட்டறைக்குப் போய், ‘இனிமேல் இந்த வண்டி சூடாகவே கூடாது, என்ன வேண்டுமானாலும் பண்ணு’ என்றாராம். பட்டறைக்காரர் தெர்மோஸ்டாட்டை எடுத்தார், விசிறிக்கு நேர் ஒயர் இழுத்தார். சொன்னதைச் செய்தார்.

அன்று கொதித்ததற்கு நிஜக் காரணம் விசிறி ரிலே செத்ததாக இருக்கலாம். தே தாரிக் தண்ணீரும் உதவியிருக்கும். அப்பா வருடக்கணக்காகக் குழாய்த் தண்ணீர் மட்டுமே ஊற்றியிருக்கிறார், ‘இங்கே என்ன பனியா கொட்டுது?’ என்று. கூலண்ட் என்பது உறையாமல் இருக்க மட்டும் இல்லை, துருப்பிடிக்காமல் இருக்கவும்தான். அதை இரண்டு பேருமே அந்த நாளில் யோசித்திருக்க மாட்டார்கள்.

14-ஆம் தேதிப் பின்குறிப்பை வாபஸ் வாங்குகிறேன். அழிக்கவில்லை, இருக்கட்டும். அல்ஜீப்ரா வகுப்பில் உட்கார வேண்டியவர் எதிரில் அமர்ந்து அப்பளம் கேட்டார்.

12 மே

தேர்வு முடிந்தது. மாட்டியாச்சு.

முதல் முறை தப்பாக மாட்டினேன். தெர்மோஸ்டாட் விளிம்பில் ஒரு குட்டி ஆணி ஆடும், காற்று வெளியேறுகிற வழி. அது மேல் பக்கம் இருக்க வேண்டும். நான் பக்கவாட்டில் வைத்துவிட்டேன். ரப்பர் வளையமும் ஒரு ஓரம் மடங்கி, தண்ணீர் ஊற்றியதும் சொட்ட ஆரம்பித்தது. மறுபடி எல்லாவற்றையும் இறக்கி, மறுபடி மாட்டி, மறுபடி ஊற்றி. அங்கிள் கணக்கு நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. ‘தரை’ என்று மட்டும் சொன்னார்.

விசிறிக்குப் புது ரிலே, நேர் ஒயரை வெட்டியாச்சு. ரேடியேட்டரை நாலு தடவை கழுவிய பிறகுதான் தெளிந்த தண்ணீர் வந்தது. பழைய தண்ணீரை அங்கிளின் கழிவு டிரம்மில் ஊற்றினேன்.

செலவு: தெர்மோஸ்டாட் 28, ரப்பர் வளையம் 5, ரிலே 22, கூலண்ட் 24, சட்டி 9. மொத்தம் 88 வெள்ளி. தேவையில்லாத ஆக்ஸிஜன் சென்சார் 180-ஐ எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. கல்விச் செலவு.

19 மே

சில கேள்விகள் சேர்ந்துவிட்டன.

டைமிங் பெல்ட்: 4ஏ-எஃப்இயில் (என் வண்டியின் எஞ்சின்) அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் முட்டிக்கொள்ளாது, வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். அதற்காக மாற்றாமல் ஓட்டாதீர்கள், பிஐஇ மூன்றாம் தடத்தில் நிற்பது சுகமில்லை.

கிளாசிக் திட்டம் (பழங்கார்களுக்கான தனிப் பதிவு): 35 வயது ஆக வேண்டும். இந்த வண்டிக்கு அது 2034. சிஓஇ 2029-ல் முடிகிறது. நடுவில் ஐந்து வருடப் பள்ளம். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தால் அதை மேலும் நீட்டிக்க முடியாது. பத்து வருடத்துக்கு என்றால் அன்றைய விலை. அந்த நேரத்தில் நான் வேலைக்குப் போயிருப்பேன், அப்பா என்னைப் பார்த்துச் சிரிப்பார். தாண்டினாலும் கிளாசிக் வண்டியை வருடத்துக்கு 45 நாள்தான் ஓட்டலாம். வாரம் ஒரு நாள் கூட முழுசாக வராது.

ஜோகூர் பழைய உதிரிபாகக் கடை: ஆமாம், ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வந்த வண்டிகள் அடுக்கி வைத்திருக்கும் கடைகள் அங்கே உண்டு. ரிலே அங்கே வாங்கியதுதான். நம் வண்டியில் போனால் டேங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இல்லாமல் சோதனைச்சாவடியைத் தாண்ட முடியாது, அபராதம் 500 வரை. லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடிய காலத்தில், வரிசையில் நிற்கும்போதே முக்கால் அரையாகிவிடுமோ என்று பயம்.

9 ஜூன்

பரிசோதனை தேறியது. முதல் முறையிலேயே. புகை வரம்புக்குள் நன்றாக உள்ளே. ஒரு ஹெட்லைட் கொஞ்சம் மேலே பார்க்கிறது என்றார்கள், அங்கேயே திருகினார்கள்.

இப்போது லிட்டருக்கு 12 ஓடுகிறது. உட்லண்ட்ஸ்காரரே, மாதம் எனக்கு இரண்டு டியூஷன் வகுப்பு மிச்சம்.

10 ஜூன்

‘அப்படியானால் இது லாபமான பொழுதுபோக்கு’ என்று அவர் எழுதியிருப்பதைப் பார்த்தேன். ஐயா, இல்லை. மூன்று மாத ஞாயிற்றுக்கிழமையை மணிக்கு இவ்வளவு என்று போட்டால் இந்தக் கணக்கு எழவே எழாது. நான் போடவில்லை. கணக்கியல் ஆசிரியரிடம் சொல்லிவிடாதீர்கள்.

30 ஜூன்

நேற்று அப்பா, அம்மா, நான், பத்துமலை. சனிக்கிழமை அதிகாலை நாலரைக்குக் கிளம்பி பாலத்தைத் தாண்டினோம். மலேசியாவுக்குள் அப்பா ஓட்டினார். நான் பக்கத்தில், அம்மா பின்னால் முறுக்கு டப்பாவோடு.

கூலாய் தாண்டியதும் அப்பா இரண்டு முறை டாஷ்போர்டைக் குனிந்து பார்த்தார். மூன்றாம் முறை ஏசியை அணைத்தார். ஜன்னலை இறக்கினார்.

“என்னப்பா?”

“முள்ளைப் பாரு. பாதிக்கு வந்துடுச்சு.”

“பாதிதான்பா சரி. அங்கேதான் நிற்கணும்.”

“பதினெட்டு வருஷமா நான் பார்க்கிறேன், நெரிசல் இல்லாம அது இவ்வளவு மேலே வந்ததே இல்லை.”

பேசிப் பயனில்லை. மச்சாப் ஓய்விடத்தில் நிறுத்தினார். பானட்டைத் திறந்து, துண்டை மடித்து வைத்துக்கொண்டு, கொதிக்கும் என்று காத்திருந்தார். நான் மல்டிமீட்டரை எடுத்து, கைப்பையில் மடித்து வைத்திருந்த பால் சட்டித் தாளை விரித்து, மீட்டரை வைத்துக் காட்டினேன். 280 ஓம். எண்பத்து மூன்று டிகிரி. அப்பா தாளைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார். விசிறி தானாகச் சுற்ற ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் தானாக நின்றது.

“இது நின்னுடுச்சே?” என்றார், புதுக் கவலையோடு.

பிறகு நாசி லெமாக் சாப்பிட்டோம். யோங் பெங்கைத் தாண்டும்போது அம்மா மட்டும் வெளியே கையைக் காட்டி, ‘அந்த மரம்தான்’ என்றார். கோலாலம்பூர் வரை அப்பா முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, சாலையைப் பார்க்கும் வேலை எனக்கு.

7 ஜூலை

பின்பக்க இடது கதவு ரப்பர், ஏஇ111 செடான். ஜோகூரில் மூன்று கடையில் கேட்டுவிட்டேன், இல்லை. மழை பெய்தால் சீட் நனைகிறது. பழையது யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். மாற்றாக ஒரு ஆக்ஸிஜன் சென்சார் தருகிறேன், பழசுதான், ஆனால் ஒரு குறையும் இல்லாதது.